குறைமாதக் குழந்தையின் இரத்த சோகை: ஏற்றுவதா, ஊசியா, ஒரு நிமிடம் பொறுப்பதா?

கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் சுரந்து, சிசுவின் உடல் சிவப்பணுக்களை ஓயாமல் தயாரிக்கிறது. பிறந்து மூச்சுவிட்டதும் ஆக்சிஜன் தாராளம். ஹார்மோன் சரிகிறது, உற்பத்தி படுத்துவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு 8–12 வாரங்களில் ஹீமோகுளோபின் 11 வாக்கில் இறங்கித் தானே ஏறிவிடும். குறைமாதக் குழந்தைக்கு 7, 8 வரைகூடப் போகும். போதாக்குறைக்குப் பரிசோதனைக்கென்று எடுக்கும் இரத்தம் வேறு. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தமே 80–90 மில்லிதான். அதில் 1 மில்லி எடுப்பது பெரியவரிடம் 50, 60 மில்லி எடுப்பதற்குச் சமம்.

உடனடிப் பலனுக்கு இரத்தம் ஏற்றுவதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஏற்றியதும் குழந்தையின் சொந்த உற்பத்தி இன்னும் மந்தமாகும். எந்த அளவில் ஏற்றுவது என்ற நெடுநாள் வாதத்துக்கு 2020இல் வெளியான டாப், எட்னோ ஆய்வுகள் பதில் தந்தன: சற்றே இறங்கியதும் ஏற்றினாலும், இன்னும் இறங்கும்வரை பொறுத்து ஏற்றினாலும், உயிர் பிழைப்பதிலும் மூளை வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியானால் பொறுப்பதே மேல்.

குறைந்துபோன ஹார்மோனையே ஊசியாகக் கொடுப்பது காகிதத்தில் கச்சிதமான யோசனை. நடைமுறையில் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். இரும்புச்சத்தும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். 941 குழந்தைகளிடம் நடந்த பெனட் ஆய்வில் இரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது. எதிர்பார்த்த மூளைப் பாதுகாப்புதான் கிடைக்கவில்லை.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. தொப்புள்கொடிக்கு உடனே கிளிப் போடாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் குழந்தையின் சொந்த இரத்தம் குழந்தைக்கே வந்துசேர்கிறது. காசு செலவில்லை, கொடையாளர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 1 முதல் 3 நிமிடம். இப்படிப் பொறுப்பது குறைமாதக் குழந்தைகளின் மரணத்தையே குறைக்கிறது என்று 2023இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அவசரக்காரர்கள், இரத்தம் வேகமாகச் சேரட்டுமென்று தொப்புள்கொடியைக் குழந்தை பக்கமாகப் பிழிந்து உருவிவிடுவதும் உண்டு. 23–27 வாரக் குழந்தைகளிடம் அது வேண்டாம்: 2019 ஆய்வில் கொடியை உருவிவிட்ட குழந்தைகளில் 22 சதவீதத்தினருக்கு மூளையில் கடும் இரத்தக்கசிவு, பொறுத்துக் கிளிப் போட்ட குழந்தைகளில் 6 சதவீதமே. அந்த வயதினரைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஊசியை அடியோடு ஒதுக்கவும் முடியாது. மத நம்பிக்கையால் இரத்தம் ஏற்ற மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துக் குழந்தைக்கு, நெருக்கடி முற்றுமுன் தொடங்க அதுதான் கைவசம் இருக்கிறது.