கோழி ஷெட்டுக்கு கிளவுடா, எட்ஜா, ஃபாக்கா?

ஆழியாறு அணையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வால்பாறை மலைமேல் மேகம் படுத்திருக்கும். 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் அதே மேகம் பனிமூட்டமாகி, முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்கைக்கூட மறைத்துவிடும். ஃபாக் கம்ப்யூட்டிங் என்கிற பேருக்கும் இதுதான் கணக்கு: மேலே எங்கேயோ இருக்கிற கிளவுடை, அதாவது நெட் வழியாக நாம் பயன்படுத்துகிற தூரத்துக் கம்ப்யூட்டர்களை, தரைக்குப் பக்கத்தில் இறக்குவது. 2012 வாக்கில் சிஸ்கோக்காரர்கள் பரப்பிய பேர். ரவுட்டர் விற்கிற கம்பெனி, வழியில் இருக்கிற ரவுட்டரும் கொஞ்சம் யோசிக்கட்டும் என்று சொன்னால் அதில் வியாபாரம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் விஷயம் உருப்படியானதுதான்.

பல்லடம் பக்கம் கன்ட்ரோல் பேனல் வேலை செய்கிறவன் நான். நாலு ஏசி ஷெட் (சுற்றிலும் அடைத்து, உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற கோழிக்கொட்டகை) வைத்திருக்கிற ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரப்பதம், அமோனியா என்று 12 சென்சார், பெரிய பேன்கள், வருகிற காற்றை ஈரத்தால் குளிர்விக்கிற கூலிங் பேடு.

முதலில் கிளவுடு. சென்சார் சொல்வதெல்லாம் மும்பை டேட்டா சென்டருக்குப் போய், பேனை ஓட்டு என்ற உத்தரவு அங்கிருந்து திரும்பி வரும். தாமதமாகும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லிசெகண்ட், நடைமுறையில் அதைப்போல சில மடங்கு ஆகும், ஆகட்டுமே, அரை செகண்ட் லேட்டானால் கோழிக்கு ஒன்றும் ஆகிவிடாது. ரோபோ கைக்கு அது பெரிய விஷயம், கோழிக்கு இல்லை. இங்கே பிரச்சினை வேறு. போன சித்திரையில் ஒரு பண்ணையில் (சிஸ்டத்தைப் பொருத்திக்கொடுத்த கம்பெனி பேர் வேண்டாம்) கிளவுடு சொன்னால்தான் பேன் ஓடும் என்று வைத்திருந்தார்கள். மத்தியானம் டவர் போய்விட்டது. பாதிப் பேன்தான் ஓடிக்கொண்டிருந்தது, மீதியைப் போடச் சொல்ல ஆளில்லை. கோழிகள் வாயைப் பிளந்து இரைப்பதைப் பார்த்த மேனேஜர் ஓடிப்போய் கையால் சுவிட்சைப் போட்டதால் பிழைத்தன. பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங் தம்பி, நெட்டு போனா பேனும் நிக்கோணுமுங்களா?"

நிற்கக்கூடாது. அதற்குத்தான் எட்ஜ்: ஷெட்டிலேயே ஒரு கன்ட்ரோலர், சென்சாரைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும், நெட் இருந்தாலென்ன போனாலென்ன. ஒற்றை ஷெட் வைத்திருப்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மேலே செலவு செய்வது வீண்.

நாலு ஷெட் என்றால்தான் எட்ஜ் தடுமாறும். ஒரு கன்ட்ரோலருக்கு அடுத்த ஷெட்டில் நடப்பது தெரியாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியதும் நாலும் ஒரே நேரத்தில் எல்லாப் பேனையும் போடப் பார்க்கும். நேரடியாக ஸ்டார்ட் ஆகிற மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை அந்த நொடியில் இழுக்கும். ஜெனரேட்டர் டிரிப். திரும்பப் போட்டால் திரும்ப டிரிப். முதலில் ஒன்றாம் ஷெட், பத்து செகண்ட் கழித்து இரண்டாவது என்று வரிசைப்படுத்த, நாலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு தலை வேண்டும். கரண்ட் போன நேரத்தில் நெட்டும் போயிருக்கும், அதனால் அந்தத் தலை மும்பையில் இருந்து பிரயோஜனமில்லை. ஆபீஸ் ரூமில் யூபிஎஸ்ஸோடு உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போதும். அதுதான் ஃபாக். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2018இல் எழுதிய விளக்கமும் கருவிகளுக்கும் கிளவுடுக்கும் நடுவில் இருக்கிற அடுக்கு என்றுதான் சொல்கிறது. (அதையும்விடச் சின்னதாகக் கருவி ஓரத்தில் இருப்பதற்கு மிஸ்ட் என்று ஒரு பேர் அதிலேயே உண்டு. வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.)

டேட்டா செலவிலும் ஃபாக் கைகொடுக்கும். 48 சென்சார் செகண்டுக்கு ஒரு அளவு சொன்னால் ஒரு நாளைக்கு 41 லட்சத்துக்கு மேல். நடுப்பெட்டி ஐந்து நிமிஷச் சராசரி மட்டும் அனுப்பினால் 13,824. சிம் கார்டு தாங்கும். கேமரா வைத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: செகண்டுக்கு 4 மெகாபிட் அனுப்புகிற கேமரா ஒன்றே நாளைக்கு 43 ஜிபி.

அப்புறம் கிளவுடு எதற்கு? போன வருஷப் பேட்ச் எத்தனை தீவனம் தின்று எத்தனை எடை வந்தது, எந்த ஷெட்டில் சாவு அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஈரோட்டில் கல்யாணத்தில் இருக்கும்போது போனில் எட்டிப் பார்க்க. அதை அங்கேயே விடுங்கள், பேன் சுவிட்சை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

ஃபாக்கிலும் தலைவலி இல்லாமல் இல்லை. பெட்டி உங்களுடையது, அப்டேட் போடுவதும் பாஸ்வேர்டு மாற்றுவதும் உங்கள் வேலை. பெட்டி படுத்தால் ஒவ்வொரு ஷெட் கன்ட்ரோலரும் தன்னளவில் ஓடுகிற மாதிரி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மும்பையில் இருந்த வினையை ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுவந்த கதைதான். தீவன மூட்டை அடுக்கிய ரூமில் பெட்டியை வைக்காதீர்கள். நான் போனவாரம் பிரித்த ஒன்றில் மக்காச்சோளத் தூசி பேனை அடைத்து, உள்ளே எலி லேன் கேபிளைக் கடித்து வைத்திருந்தது.