பழைய சர்வரில் ஓபிஎன்சென்ஸ்: எட்டு மாத அனுபவம்

ஒதுக்கிப் போட்டிருந்த 2011-ஆம் ஆண்டு ஜியான் சர்வர் ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வாலை (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் மென்பொருளை) போட்டு எட்டு மாதம் ஆகிறது. இன்று அது இருப்பதே தெரியாமல் ஓடுகிறது. ஆனால் முதல் மூன்று வாரம் என்னைத் தூங்க விடவில்லை. பழைய பெட்டியில் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு அந்த மூன்று வாரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்து, 2015-இல் முதல் வெளியீடு கண்ட மென்பொருள் இது. அடியில் ஓடுவது லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம். அதனால் உங்கள் நெட்வொர்க் கார்டு லினக்ஸில் நன்றாக ஓடியது என்பதெல்லாம் கணக்கில் வராது. ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கு நல்ல டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்வது சுலபம். குழப்பம் ஒன்றே ஒன்று: பெட்டியின் பின்னால் போர்ட்களுக்கு அச்சிட்டிருக்கும் எண்ணும் ஃப்ரீபிஎஸ்டி வைக்கும் வரிசையும் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். கன்சோலில் ஆட்டோ டிடெக்ட் கொடுத்துவிட்டுக் கேபிளைச் செருகினால், எந்த போர்ட் உயிர்பெற்றது என்று அதுவே சொல்லிவிடும்.

நான்காம் நாள் ஆரம்பித்தது தொல்லை. பெரிய பேக்கப் ஓடும் இரவுகளில் இணையம் அப்படியே நின்றுவிடும். போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிங் மட்டும் போகாது. கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். விதிகளைத் தொடுவதற்கு முன்னால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்திருக்க வேண்டும். 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்ற வரி அங்கே வரிசையாக நின்றது. பாக்கெட்டை அனுப்பச் சொல்லிவிட்டு டிரைவர் காத்திருக்கிறது, போர்டிலேயே பதித்திருந்த அந்த போர்ட் பதில் சொல்வதில்லை, டிரைவர் அதை ரீசெட் செய்கிறது. இதே கதை திரும்பத் திரும்ப.

அப்புறம், சாதனங்களின் இன்டரப்டுகளை, அதாவது அவை பிராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞைகளை, எண்ணிக் காட்டும் விஎம்ஸ்டாட் -ஐ கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை ஓட்டினேன். மற்ற சாதனங்களின் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறது, அந்த போர்ட்டுடையது மட்டும் அசையவில்லை. கோளாறு விதிகளில் இல்லை, இன்டரப்டில் என்று அப்போதுதான் உறுதியானது.

இன்டரப்டை அனுப்பும் முறைகளான எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் இரண்டையும் அணைக்கும் மதிப்புகளை லோடர்.கான்ஃப் கோப்பில் கையால் எழுதினேன். அடுத்த முறை பார்த்தால் வரிகள் காணோம்! அந்தக் கோப்பை ஓபிஎன்சென்ஸ் தானே புதிதாக எழுதிக்கொள்கிறது. இதற்கெல்லாம் செட்டிங்ஸில் இருக்கும் டியூனபிள்ஸ் பக்கம்தான் சரியான இடம், அல்லது லோடர்.கான்ஃப்.லோக்கல். இவை பூட் ஆகும்போது மட்டுமே படிக்கப்படுபவை என்பதால் ரீபூட் செய்தே ஆக வேண்டும்.

தொங்குவது நின்றது. ஆனால் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை வைத்து அளந்தால் 600 மெகாபிட்டைத் தாண்டவில்லை. கடைசியில் இரண்டு போர்ட் உள்ள இன்டெல் ஐ350 கார்டு ஒன்றைப் போட்டு, எம்எஸ்ஐ-யை அணைத்த அந்த டியூனபிள்களை நீக்கினேன். அந்தக் கார்டை இயக்கும் ஐஜிபி டிரைவர் எம்எஸ்ஐ-எக்ஸ் வழியாகப் போக்குவரத்தைப் பல வரிசைகளாகப் பிரித்து எல்லா கோர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. 940 மெகாபிட் வந்தது. கிகாபிட் இணைப்பில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐ350-இல் போலிகள் நிறைய உலவுகின்றன, பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட் வேலைகளை நெட்வொர்க் கார்டிடமே ஒப்படைக்கும் ஆஃப்லோடிங் அமைப்புகளை ஓபிஎன்சென்ஸ் அணைத்தே வைத்திருக்கிறது. வேகம் கூடும் என்று நினைத்து அவற்றை இயக்காதீர்கள். அவற்றில் ஒன்றான எல்ஆர்ஓ என்பது வரும் பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும் வேலை. பாக்கெட்டுகளை அடுத்த பக்கம் கடத்திவிடும் ஒரு ரூட்டருக்கு அது இடைஞ்சல்தான்.

குறை என்றால் சர்வரின் மின்விசிறிச் சத்தமும் மின்சாரச் செலவும். அது மென்பொருளின் தவறல்ல. மென்பொருளைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. கோளாறு வந்தபோது அது எதையும் மறைக்கவில்லை. ஷெல்லைத் திறந்தால் கெர்னல் என்ன சொல்கிறது என்பது வரை பார்க்க முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகளில் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெரிய வெளியீடு வருகிறது. போன முறை மாறியபோது கான்ஃபிக் கோப்பை முதலில் எடுத்து வைத்துக்கொண்டேன். பூட் ஆனதும் நேராக விஎம்ஸ்டாட் -ஐ ஓட்டினேன். இரண்டு போர்ட்டின் எண்களும் ஏறிக்கொண்டிருந்தன.