ஹோட்டல் செயின்கள் இணைந்த பிறகு லாயல்டி கார்டு: நாகர்கோவில்காரனின் அனுபவம்

குலசேகரம் பக்கத்து லேட்டக்ஸ் யூனிட் ஒன்றுக்குச் சென்னையில் ஆர்டர் பிடிப்பது என் வேலை. காலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் இறங்கி, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சாயங்காலம் அதே வண்டியில் ஊர் திரும்புவேன். பல வருடமாக ஒரே செயின் ஹோட்டல்தான். அதைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, அடிக்கடி தங்குபவருக்குப் பாயிண்டும் சலுகையும் தரும் இரண்டு லாயல்டி திட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டது.

எல்லோரும் முதலில் பாயிண்ட் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். பாயிண்டில் உடனே அடி விழாது. உதாரணத்துக்கு, மேரியட் என்ற ஹோட்டல் நிறுவனம் 2016இல் ஸ்டார்வுட் என்ற இன்னொரு ஹோட்டல் நிறுவனத்தை வாங்கியது. 2018 ஆகஸ்டில் திட்டங்கள் இணைந்தபோது ஒரு ஸ்டார்வுட் பாயிண்ட் மூன்று மேரியட் பாயிண்டாக மாறியது. யாருக்கும் குறையில்லை. ஆனால் 2022 மார்ச்சில் அறைக்கு இத்தனை பாயிண்ட் என்ற நிலையான அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் தேவையைப் பொறுத்து பாயிண்ட் விலையும் ஏறி இறங்கியது. சேர்த்து வைத்துக் காத்திருந்தவர்களுக்குத்தான் வலி.

என்னைப் போல ஒரு ராத்திரிக்கு வந்து போகிறவர்களுக்குப் பெரிய இழப்பு, கார்டில் மேல் படிக்குப் போக எத்தனை தங்கல் வேண்டும் என்ற தகுதிக் கணக்கில். பழைய ஸ்டார்வுட்டில் 25 முறை தங்கினாலோ 50 இரவு தங்கினாலோ பிளாட்டினம் என்ற உயர்ந்த படி. இணைந்த பிறகு 50 இரவு மட்டும்தான். வாரக்கணக்கில் ஒரே ஊரில் தங்குபவருக்கு இதில் ஒன்றும் இல்லை. நாம் இரண்டு மடங்கு அலைய வேண்டும். நான் இருந்தது வேறு செயின், ஆனால் அங்கேயும் இரவுக் கணக்கு மட்டும் என்று வந்ததும் என் கார்டு ஒரு படி இறங்கியது.

படி இறங்கினால் என்ன போகிறது? எனக்குப் போனது நாலு மணி செக்-அவுட், அதாவது சாயங்காலம் நாலு மணி வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகை. காலையில் அம்பத்தூர், மத்தியானம் கிண்டி என்று வெயிலில் சுற்றிவிட்டு, அறைக்கு வந்து குளித்து, சட்டை மாற்றி வண்டி ஏறுவதுதான் என் வழக்கம். புதுக் கார்டை நீட்டியபோது ரிசப்ஷன் பையன் கணினியைப் பார்த்து, "சார், ரூம் காலியா இருந்தா மட்டும்தான் தர முடியும். இன்னைக்கு ஃபுல்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியை லாபியில் ஒப்படைத்துவிட்டு, வேர்வையோடு ராத்திரி முழுக்கப் பயணம்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இணைப்புக்கு முந்தைய மேரியட்டின் கோல்டு படியில் காலை உணவு உண்டு, புதிய கோல்டில் கிடையாது. பழையதற்கு 50 இரவு வேண்டும், புதியதற்கு 25 போதும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இன்னொன்று, நம் ஊர்ப் பெயர்களின் தொல்லை. ஒரு கணக்கில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கணக்குகள் தானாகச் சேராது. எனக்குச் சேரவில்லை. ஆதாரை அனுப்பி, போனில் விளக்கி, மாதக்கணக்கில் இழுத்தது. இணைப்புச் செய்தி வந்த உடனே இரண்டிலும் ஒரே பெயர், ஒரே மொபைல் நம்பர் என்று மாற்றிவிடுங்கள். பாயிண்ட் இருப்பையும் தங்கிய கணக்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்குச் சிக்கலைத் தீர்த்தது அந்தப் படம்தான்.

நல்லதும் உண்டு. முன்பு எனக்குச் சென்னையில் மட்டும் பயன்பட்ட கார்டு இப்போது கொச்சியிலும் செல்கிறது. வரும் பாயிண்டை அந்தந்த வருடமே அங்கே செலவழித்துவிடுகிறேன். சென்னைக்குப் போனால் எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்தில், சாயங்காலம் வரை அறை தரும் சாதாரண லாட்ஜ்தான்.