குவான்ட் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி ப்ரெப் கோர்ஸுக்கு காசு கட்டப் போறவங்க இத படிச்சிட்டு கட்டுங்க

ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், வெக்கமா இருந்துச்சு, அதான் உண்மை. ஏமாந்த கதைய சொன்னா "இவ்ளோ படிச்ச நீ போய் இதுல விழுந்தியா"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஆனா அடுத்த பேட்ச்ல சேரப் போற ரெண்டு பேர் போன வாரம் அதே கோர்ஸப் பத்தி என்கிட்டயே வந்து விசாரிச்சாங்க, அதுக்கு மேல வாய மூடிட்டு இருக்க மனசு வரல. கம்பெனி பேர் போடல. பேர சொன்னா நாளைக்கு வேற பேர்ல வந்து நிப்பாங்க, அதனால அடையாளத்த சொல்றேன், அது எங்க தெரிஞ்சாலும் ஓடிடுங்க.

நான் இன்ஜினியரிங் முடிச்சிட்டு நாலு வருஷம் சாஃப்ட்வேர் வேலைல இருந்தேன். குவான்டிடேடிவ் ஃபைனான்ஸ்ல, அதாவது கணக்கும் ப்ரோக்ராமிங்கும் வெச்சு ஃபைனான்ஸ் பண்ற படிப்புல சீட் கெடச்சுது, கிளாஸ் ஆரம்பிக்க அஞ்சு மாசம் இருந்துச்சு. அட்மிஷன் லெட்டரோட ஒரு பக்கம் தனியா வந்துச்சு, வர்றதுக்கு முன்னாடி என்னெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு: லீனியர் அல்ஜீப்ரா, மல்டிவேரியபிள் கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், ப்ராபபிலிட்டி, அப்புறம் பைத்தானோ சி பிளஸ் பிளஸ்ஸோ ஒண்ணு. எல்லாமே படிச்சதுதான், பரீட்சை எழுதினதுதான், ஆனா ஒரு மேட்ரிக்ஸுக்கு ஐகன்வேல்யூ கண்டுபிடின்னு சொன்னா கை நடுங்கும், அந்த நெலமை. அந்த பயத்தோட ராத்திரி பன்னண்டு மணிக்கு தேடினா விளம்பரம் வராம என்ன பண்ணும். வந்துச்சு.

ஃபார்ம் ஃபில் பண்ணி பத்து நிமிஷத்துல ஃபோன். அவர் பேர் "அட்மிஷன் கவுன்சிலர்"ஆம். பேசினது பூரா ப்ரோ ப்ரோன்னு. "ப்ரோ உங்க ப்ரொஃபைல் செம, ஆனா கணக்கு வீக்கா இருந்தா மொத செமஸ்டர்லயே தூக்கிருவாங்க ப்ரோ, எங்க ஸ்டூடண்ட்ஸ் யாருக்கும் அப்படி ஆனதே இல்ல." பேட்ச்ல இன்னும் மூணு சீட்தான் இருக்கு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கட்டினா பாதி ஃபீஸ், நாளைக்கு முழு ஃபீஸ். பாதி வீடியோ ரெக்கார்டட்னு அவரே சொல்றாரு, ரெக்கார்டட் வீடியோவுக்கு என்னய்யா சீட் கணக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. பாதி ஃபீஸ்னு சொன்னதே என்னோட ஒன்றரை மாச சம்பளம், கட்டிட்டேன்.

அவங்க சொன்னது இது: வாரம் ரெண்டு லைவ் கிளாஸ், பெரிய பேங்க்ல வேல பாத்த ஒரு குவான்ட் (இந்த கணக்கு வேலை பாக்கறவரு) எடுப்பாரு, ஒருத்தருக்கு ஒருத்தர்னு டவுட் செஷன், கடைசில சர்டிஃபிகேட், அத யுனிவர்சிட்டி கணக்குல எடுத்துப்பாங்க, வாழ்நாள் முழுக்க ஆக்சஸ், புடிக்கலன்னா 14 நாளைக்குள்ள முழு பணமும் ரிட்டர்ன். நடந்தது என்னன்னா அந்த குவான்ட் மொத கிளாஸ்ல வந்து நாப்பது நிமிஷம் தன் கரியர் கதை சொல்லிட்டுப் போனவரு அதுக்கப்புறம் ஆளையே காணோம், ரெண்டாவது வாரத்துல இருந்து யாரோ ஒரு பையன் ஸ்லைட படிச்சான். பாவம் அவன் மேல கோவம் கூட வரல, அவனுக்கே புரியாதத அவன்கிட்ட கொடுத்து படிக்கச் சொல்லிருக்காங்க. டவுட் செஷன்ங்கறது நானூறு பேர் இருக்கற ஒரு சாட் க்ரூப். அதுல கேள்வி கேட்டா கைகூப்புற ஸ்மைலி வரும், பதில் வராது.

மொத ரெண்டு வாரம் பூரா வரலாறு. 1900ல லூயி பஷெலியே சந்தை விலை ஏத்த இறக்கத்தப் பத்தி தீசிஸ் எழுதினாரு, 1973ல நிதி ஒப்பந்தத்துக்கு விலை போடற பிளாக் ஷோல்ஸ் ஃபார்முலா வந்துச்சு, 1997ல அதுக்காக மெர்ட்டனும் ஷோல்ஸும் நோபல் வாங்கினாங்க, அடுத்த வருஷமே அவங்க பார்ட்னரா இருந்த எல்டிசிஎம் ஃபண்ட் கவுந்து, பேங்குங்க எல்லாம் சேர்ந்து 3.6 பில்லியன் டாலர் போட்டு தூக்கி நிறுத்தினாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய்யும் இல்ல. ஆனா இதுக்கு எதுக்கு நான் ஒன்றரை மாச சம்பளம் கட்டணும், ஒரு சாயங்காலம் உக்காந்து படிச்சா முடிஞ்சது. கணக்கு எப்ப வரும்னு கேட்டா "மாட்யூல் 3ல வரும் ப்ரோ". மாட்யூல் 3 திறக்கறதுக்குள்ள அந்த ரீஃபண்ட் 14 நாளும் போயிடுச்சு. வரலாற ஏன் மொதல்ல வெச்சாங்கன்னு எனக்கு அப்ப புரியல.

மாட்யூல் 3ல மான்டே கார்லோ (விலை எப்படியெல்லாம் போகலாம்னு ஆயிரக்கணக்குல ஓட்டிப் பாத்து சராசரி எடுக்கறது) வெச்சு கால் ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு பங்க பின்னாடி ஒரு குறிச்ச விலைக்கு வாங்கற உரிமைக்கு, விலை போடறது. இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா கோர்ஸோட லட்சணம் இந்த ஒரு கோட்லயே இருந்துச்சு. பங்கு விலை 100, ஸ்ட்ரைக் (அந்த குறிச்ச விலை) 100, வட்டி 5%, வொலட்டிலிட்டி (விலை ஏறி இறங்கற அளவு) 20%, ஒரு வருஷம். பிளாக் ஷோல்ஸ் ஃபார்முலால போட்டா 10.45 வரும், யார் போட்டாலும் அதான் வரும். அவங்க கொடுத்த பைத்தான் கோட் ஓட விட்டா 11.9 வந்துச்சு. க்ரூப்ல கேட்டேன். அதிசயமா பதில் வந்துச்சு: "சிமுலேஷன்ல ஒண்ணு ரெண்டு முன்னபின்ன வரும், பாத் எண்ணிக்கைய ஏத்துங்க, கன்வெர்ஜ் ஆகும்." பாத்ங்கறது ஒரு தடவ ஓட்டிப் பாக்கற விலைப் பாதை, கன்வெர்ஜ்னா ஒரே எண்ணுல வந்து நிக்கறது. சரின்னு பத்தாயிரத்த பத்து லட்சம் ஆக்கினேன், லேப்டாப் ஃபேன் கத்துது. கன்வெர்ஜ் ஆச்சு, நல்லாவே ஆச்சு, 11.77ல போய் கல்லு மாதிரி நின்னுச்சு. பாத் எண்ணிக்கைய நாலு மடங்கு ஆக்கினா பிழை பாதியாகும், பத்து லட்சத்துல பிழை ரெண்டாவது தசம இடத்துக்குப் போயிடணும். ஒண்ணேகால் ரூபாக்கு மேல வித்தியாசம் நிக்குதுன்னா அது சிமுலேஷன் தப்பு இல்ல, கோட் தப்பு.

ஆனா எனக்கு அப்ப அது தெரியாது. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்னு மூணு ராத்திரி உக்காந்திருந்தேன்.

தப்பு என்னன்னு அப்புறம் யுனிவர்சிட்டில ஒரு சீனியர் அக்கா ரெண்டு நிமிஷத்துல சொன்னாங்க. "மொதல்ல ஆப்ஷன விடு, ஒரு வருஷம் கழிச்சு வர்ற பங்கு விலையோட சராசரிய எடுத்து 5%ல இன்னிய தேதிக்கு கொண்டு வந்து பாரு, எவ்ளோ வருது?" 102.02 வந்துச்சு. "100 தானடா வரணும், இன்னிக்கு விலையே 100 தானே." கோட்ல வளர்ச்சி விகிதத்துல இருந்து வொலட்டிலிட்டி ஸ்கொயர்ல பாதிய கழிக்கணும், அத விட்டுட்டாங்க. ஏன் கழிக்கணும்னா, 100 ரூபா மொத நாள் 10% ஏறினா 110, மறுநாள் 10% இறங்கினா 99, ஏறினதும் இறங்கினதும் ஒரே சதவீதம், ஆனா ஒரு ரூபா காணாப் போச்சு. 10% ஸ்கொயர்ல பாதி அரை சதவீதம், ரெண்டு நாளுக்கு ஒரு சதவீதம், அதே கணக்குதான். இட்டோவோட லெம்மால (இப்படி தாறுமாறா ஆடற விலைக்கான கால்குலஸ் விதி) இருந்து வர்றது இதுதான். கோர்ஸ்ல இட்டோ லெம்மாவுக்கு ஒரு ஸ்லைட் இருந்துச்சு, ஃபார்முலா நடுவுல, கீழ "மனப்பாடம் பண்ணிக்கோங்க, இன்டர்வியூல கேப்பாங்க". அத போட்டவங்களுக்கே அது எங்க வேணும்னு தெரியாம கோட்ல விட்டுருக்காங்க, அந்த ஸ்லைடும் இந்த கோடும் ஒரே மாட்யூல்ல, அடுத்தடுத்து.

ட்ரேடிங் பாட் மாட்யூல் இன்னொரு கூத்து. மூவிங் ஆவரேஜ் கிராஸ்ஓவர் (கொஞ்ச நாள் சராசரி விலை நீண்ட நாள் சராசரிய தாண்டினா வாங்கறது), பேக்டெஸ்ட்ல, அதாவது பழைய விலைய வெச்சு ஓட்டிப் பாத்ததுல, ஷார்ப் ரேஷியோ (எடுத்த ரிஸ்க்குக்கு எவ்ளோ லாபம்ங்கற கணக்கு) 3க்கு மேல, விளம்பரத்துல போட்டதே அந்த கிராஃப்தான். கோட பாத்தா இன்னிக்கு க்ளோசிங் விலைய வெச்சு சிக்னல், அந்த சிக்னல வெச்சு இன்னிக்கு நடந்த ஏத்தத்துல லாபம். முடிஞ்ச மேட்ச்சுக்கு பெட் கட்டற மாதிரி. ஒரு நாள் தள்ளிப் போட்டு ஓட்டினா 0.4. போதாததுக்கு இப்போ இண்டெக்ஸ்ல இருக்கற கம்பெனிங்கள மட்டும் எடுத்து பத்து வருஷம் பின்னாடி ஓட்டிருக்காங்க, நடுவுல முழுகிப் போனதெல்லாம் லிஸ்ட்லயே இல்ல. சி பிளஸ் பிளஸ் பத்தி பேசவே வேணாம், ஃபார் லூப்போட முடிஞ்சுது, பாயின்டர் வரைக்கும் கூட போகல.

ரீஃபண்ட் கதைக்கு வர்றேன். 14 நாளுக்குள்ளதான் கேட்டேன், 12வது நாள். மாட்யூல் 3க்கு இன்னும் போகல, ஆனா டவுட் செஷன் ஏமாத்துன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு. பதில் என்ன வந்துச்சுன்னா, மொத்த கோர்ஸ்ல 20%க்கு கீழ பாத்திருந்தாதான் ரீஃபண்ட், நீங்க 23% பாத்திருக்கீங்க. எப்படிய்யா 23%ன்னு பாத்தா, ஓரியண்டேஷன், எப்படி லாகின் பண்றது, வரலாறு, இதெல்லாம் கட்டாயம் பாத்தாதான் அடுத்தது திறக்கும், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும், அது பூரா கணக்குல சேரும். அப்பதான் வரலாற ஏன் முன்னாடி வெச்சாங்கன்னு மண்டைல ஏறுச்சு. இந்த 20% விதி அவங்க பேஜ்ல எங்கயும் இல்ல, பணம் கட்டினதுக்கு அப்புறம் வந்த மெயில்ல ஒரு லிங்க், அந்த லிங்க்குள்ள ஒரு லிங்க், அங்க இருந்துச்சு. ஃபோன்ல பேசின ப்ரோ நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

கார்டுல கட்டினதால பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டேன். விளம்பர ஸ்க்ரீன்ஷாட், 14 நாள் ரீஃபண்ட்னு அவங்க எழுதின சாட், லைவ் கிளாஸ் கேன்சல் ஆன மெயில், எல்லாம் தேதியோட வெச்சிருந்ததால மூணு மாசம் இழுத்து பாதி பணம் வந்துச்சு. யூபிஐலயோ நேரா அக்கவுண்ட்டுக்கோ போட்டிருந்தா அதுவும் போயிருக்கும்னு நெனைக்கறேன். கவுன்சிலர் ஃபோன்ல சொன்னது எதுக்கும் ஆதாரம் இல்ல, அதனால அத பேங்க்ல எடுத்துக்கவே இல்ல. நீங்க யார்கிட்ட பேசினாலும் "இப்ப சொன்னத அப்படியே மெயில்ல போடுங்க"ன்னு கேளுங்க, போடலன்னா அங்கயே தெரிஞ்சிரும்.

பணத்த விட பெரிய நஷ்டம் நேரம். சேர்ந்த மொத வாரம் யுனிவர்சிட்டில ஒரு ப்ளேஸ்மென்ட் டெஸ்ட். மொத கேள்வியே, மூணு பங்கு, எந்த ரெண்ட எடுத்தாலும் கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ சேந்து ஆடுதுங்கற அளவு) மைனஸ் 0.6, இது நடக்குமா? நான் நடக்கும்னு எழுதினேன். மூணுலயும் ஒரே அளவு ஏத்த இறக்கம் வர்ற மாதிரி வாங்கி கூட்டினா வேரியன்ஸ் (ஏத்த இறக்கத்த ஸ்கொயர் பண்ணி அளக்கறது) நெகட்டிவ்ல போகும், வேரியன்ஸ் எப்படிங்க நெகட்டிவா இருக்கும், மூணு பேருக்கு மைனஸ் 0.5 தாண்ட முடியாது. ரெண்டு வரி கணக்கு. இன்னொண்ணு காசு சுண்டறது, தொடர்ந்து ரெண்டு தலை விழ சராசரியா எத்தன தடவ சுண்டணும், தலைக்கு அடுத்து பூ விழ எத்தன. ரெண்டுக்கும் 4ன்னு எழுதிட்டு வந்தேன், மொதலாவது 6. ஃபெயில். எக்ஸ்ட்ரா மேக்ஸ் கிளாஸ் கட்டாயம்னு போட்டாங்க, மத்தவங்க ப்ராஜெக்ட் பண்ற நேரத்துல நான் அங்க.

இதுல எனக்கே என் மேல கடுப்பான விஷயம், அந்த யுனிவர்சிட்டியே சேரப் போறவங்களுக்கு ஆன்லைன்ல மேக்ஸ் ரெஃப்ரெஷர் நடத்திருக்கு, ஃபீஸ்லயே அடக்கம், தனியா காசு கிடையாது. மெயில் ஆறு வாரம் முன்னாடியே வந்திருக்கு. நாமதான் பெரிய கோர்ஸ் எடுக்கறோமேன்னு நான் அத திறக்கவே இல்ல. எல்லா இடத்துலயும் இருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டு "உங்களோடது ஏதாவது இருக்கா, இந்த கோர்ஸ் சர்டிஃபிகேட்ட ஏத்துப்பீங்களா"ன்னு கேளுங்க. சர்டிஃபிகேட் பத்தி நான் லேட்டா கேட்டேன், "எங்களுக்கு இது எதுன்னே தெரியாது"ங்கற அர்த்தத்துல மரியாதையா ஒரு பதில் வந்துச்சு.

அப்புறம் எதுல படிச்சன்னு கேக்கறவங்களுக்கு: லீனியர் அல்ஜீப்ரா எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்ல கில்பர்ட் ஸ்ட்ராங் எடுத்தது, ப்ராபபிலிட்டி ஹார்வர்ட் ஸ்டாட் 110, ஜோ பிளிட்ஸ்டீன் எடுத்தது, ரெண்டும் சும்மா கிடைக்குது. வீடியோ மட்டும் பாத்தா ஒண்ணும் ஏறாது, ப்ராப்ளம் ஷீட்ட பேப்பர் பேனா வெச்சு போடணும், எனக்கு அதுலதான் கைநடுக்கம் போச்சு. காசு கொடுத்து எடுக்கற எல்லா கோர்ஸும் மோசம்னு சொல்ல வரல, வீட்டுப்பாடம் திருத்தி மார்க் போட்டு தர்றதா இருந்தா, எடுக்கறவர் பேரும் ஒரு முழு கிளாஸ் சாம்பிளும் முன்னாடியே காட்டினா, யோசிக்கலாம். எனக்குக் காட்டினது ரெண்டு நிமிஷ ட்ரெய்லர்.

வாழ்நாள் ஆக்சஸ் பதினோராவது மாசம் லாக் ஆயிடுச்சு, "புது பிளாட்ஃபார்முக்கு மாறிட்டோம், அப்கிரேட் ஃபீஸ் கட்டுங்க"ன்னு.

போன மாசம் அதே கம்பெனில இருந்து வேற ஒரு ப்ரோ கூப்பிட்டாரு, குவான்ட் இன்டர்வியூ ப்ரெப்புக்கு புது பேட்ச், பழைய ஸ்டூடண்ட்ஸ்க்கு பாதி ஃபீஸ், மூணு சீட்தான் இருக்காம். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், உங்க மாட்யூல் 3 கோட்ல பங்கு விலை சராசரிய டிஸ்கவுண்ட் பண்ணா 100 வரணும், இப்ப வருதான்னு. "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் ப்ரோ"ன்னாரு. இன்னும் கூப்பிடல.