வடவள்ளி மாடித்தோட்ட வகுப்பு: கட்டணத்துக்குத் தகுமா?

மாடித்தோட்டம் சொல்லித்தரும் வகுப்புகளுக்குக் கோவையில் இப்போது பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். கல்யாண மண்டபத்தில் ஒருநாள் கூட்டம், திரையில் படம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், இஞ்சி பூண்டுக் கரைசல் என்று செய்முறைகளை வரிசையாகச் சொல்வார்கள். சாயங்காலம் வாசலில் பையும் விதையும் பாட்டிலும் விற்பார்கள். அப்படி ஒன்றுக்குப் போய்வந்த பிறகும் என் செடியில் இலை சுருண்டால் எதனால் சுருள்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கரைசல் மட்டும் மனப்பாடமாக இருந்தது.

வடவள்ளியில் நான் சேர்ந்த வகுப்பு வேறு மாதிரி. நடத்துபவர் வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. எல்லோருக்கும் அவர் 'சார்'தான். அவர் வீட்டு மாடியிலேயே வகுப்பு. நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி முதல் 10 மணி வரை. கட்டணம் 2,000 ரூபாய். ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு வாரத்தில் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

முதல் வகுப்பில் மண்ணையும் விதையையும் தொடவே விடவில்லை. ஆளுக்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, செம்பருத்திச் செடிகள் பக்கம் அனுப்பிவிட்டார். கிளை நுனியெல்லாம் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. எங்கள் குழுவில் ஒரு அக்கா, அதில் பெரிதாக இருந்த ஒன்றை நசுக்கப் போனார். "ஏனுங்க, கைய எடுங்க. அது நம்ம ஆளுங்க!" என்று சார் பதறிவிட்டார். உற்றுப் பார்த்தால் அதன் உடம்பிலும் வெள்ளை மெழுகு நூல்கள்தான். ஆனால் மாவுப்பூச்சியைவிட நீளம், குச்சியால் லேசாகத் தொட்டதும் விறுவிறுவென்று நடந்தது. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே சாறு உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். நடந்தது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் முக்கியச் சாப்பாடே மாவுப்பூச்சிதான். தோட்டம் வைத்திருக்கிற எத்தனை பேர் இதைப் பூச்சி என்று நினைத்துக் கொன்றுகொண்டிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அங்கேயே நின்று சார் பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைச் சொன்னார். 2008-ல் இந்தியாவில் அது முதலில் தெரியவந்ததே நம் கோவையில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு மண்டலமே தவித்தது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை, மேலே இருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டுவிடும். கொஞ்ச காலத்தில் பாதிப்பு தணிந்தது. நடுவில் கண்டபடி மருந்து அடித்திருந்தால் குளவிதான் முதலில் செத்திருக்கும் என்றார். மரவள்ளிக்காரர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்த ஆள் சொல்வதால், கேட்டது மறக்காது.

அதனால் இந்த வகுப்பில் 'அடிப்பது' கடைசியில்தான் வருகிறது. முதலில் செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டி வைக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது. அதற்கும் அடங்காவிட்டால்தான் வேப்ப எண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம் தேனீக்கள் போன பிறகு அடிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியமும் சீக்கிரம் போய்விடும். பஞ்சகவ்யம் செடிக்கு ஊட்டம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி போதும். அதைப் பூச்சிமருந்தாக நினைத்து ஊற்றுகிறவர்களைக் கண்டால் சாருக்குக் கோபம் வரும்.

இரண்டாவது ஞாயிறு மண். நான் இந்த வகுப்பை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதற்குக் காரணமே அந்த ஞாயிறுதான். மாடித்தோட்டம் என்றாலே ஒரு லோடு செம்மண் இறக்குவது நம் ஊர் வழக்கம். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை வெட்டி வெட்டிப் பள்ளமாக்கி, விஷயம் நீதிமன்றம் வரை போனது கோவைக்காரர்கள் அறிந்ததுதான். வடவள்ளியிலிருந்து அது கூப்பிடு தூரம். "அந்தப் பள்ளத்துல கத்தரிக்கா நட்டு இயற்கை விவசாயம்னு சொல்லாதீங்க" என்றார் சார். முகம் சுண்டிப்போனது எங்களுக்கு.

பிறகு வழியும் காட்டினார். காய்த்து ஓய்ந்த தொட்டியின் மண்ணைத் தூக்கி எறியக் கூடாது. கொட்டி, வேர்களைப் பொறுக்கி, நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, சருகு மூடாக்குப் போட்டு, ஈரம் காயாமல் ஆறப்போட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செம்மண்ணைக் குறைத்து, உரத்தையும் தேங்காய் நார்க்கழிவையும் கூட்டிக்கொள்ளலாம். பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் நார்க்கழிவுக் கட்டி நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அப்படியே போட்டால் உப்பு வேரைக் கருக்கிவிடும். ஒரு கட்டியை ஊறவைத்து, பிழிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் வைத்துக் காட்டினார், அடர்ந்த டிகாக்‌ஷன் நிறம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை உள்ளே விட்டதும் எண் கிடுகிடுவென ஏறியது. கழுவக் கழுவ நிறமும் வெளுத்தது, மீட்டரிலும் எண் இறங்கியது. கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகவில்லை, வீட்டின் தென்னை மரத்தடிக்குப் போனது.

மக்கு உரம் செய்வதைப் பலரும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு, நாற்றம் வந்தால் இன்னும் சருகு, அவ்வளவுதான். உள்ளே சாம்பல் நிறத்தில் பெரிய புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பயந்து பலர் வாளியையே மூடிவிடுகிறார்கள். அவை கருப்புப் படை ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று தீர்ப்பவை, பயப்பட ஒன்றுமில்லை. தெருவில் கூட்டிக் குவித்த சருகை யாரும் கொளுத்துவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். எங்கள் தெருவில் கூட்டுகிற அக்கா இப்போது எனக்காகவே ஒரு மூட்டை எடுத்து வைக்கிறார்.

மூன்றாவது வகுப்பு விதையெடுப்பும் மகரந்தச் சேர்க்கையும். எனக்கு நேரடியாகப் பலன் கொடுத்தது இது. சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல் பூப்பவை. பூசணியும் பாகலும் காலையில். காம்புக்கும் பூவுக்கும் நடுவே குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. ஐந்தாவது மாடியில், மகரந்தம் சுமக்கும் அந்துப்பூச்சி வராத வீட்டில், சாயங்காலமே ஆண் பூவைப் பறித்து, சுரையின் பெண் பூவில் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். காலையில் காபி குடித்துவிட்டுப் போய்த் தேய்த்தால் சுரையில் பிடிப்பது கஷ்டம், பூ வாடத் தொடங்கியிருக்கும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்று என்னிடம் புலம்பிய மூன்று வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் காய் பிடித்திருக்கிறது.

இனிக் குறைகள். மாடியின் பாரம், நீர்க்கசிவு இரண்டையும் கடைசி வகுப்பில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இது சரியில்லை. ஒரு கன அடி ஈர மண்ணே 45 கிலோவுக்கு மேலும் வரும். உத்தரத்தின் மேலும் சுவர் ஓரமாகவும் வைக்க வேண்டும், தளத்தின் நடுவில் குவிக்கக் கூடாது, தொட்டிக்குக் கீழே காற்று போக இடைவெளி வேண்டும். இதெல்லாம் முதல் வகுப்பிலேயே வர வேண்டியவை. எங்கள் குழுவில் ஒருவருக்கு அதற்குள் படுக்கையறை மேல்தளத்தில் ஓதம் ஏறிவிட்டது. பழைய மாடியாக இருந்தால் முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள்.

அடுத்து பைகள். வெயிலில் சில வருடங்களில் நைந்து பொடிப்பொடியாக உதிரும் பிளாஸ்டிக் பைகளை என்ன செய்வது என்று கேட்டேன். மண்தொட்டியும் பெயின்ட் வாளியும் பயன்படுத்துங்கள் என்றாரே தவிர, ஏற்கெனவே இருக்கும் பைகளுக்குப் பதில் வரவில்லை. செம்மண்ணில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பவர் இதிலும் இருந்திருக்கலாம். கையேடு கிடையாது, எல்லாம் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மாடிக்கு ஏறுவது இரும்பு ஏணிப்படி, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துச் சேருங்கள்.

வாழ்நாளில் ஒரு செடிகூட வளர்க்காதவர்கள் 2,000 ரூபாயோடு தொடங்க வேண்டியதில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு தரும்போது வாங்கி, ஒரு பருவம் கீரையும் வெண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். மாடியைத் தாண்டி ஏக்கர் கணக்கில் யோசிப்பவர்களுக்கு இந்த வகுப்பு போதாது. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் உருவாக்கிய வானகம் பண்ணையில் தங்கிப் படிக்கும் பயிற்சிகள் நடக்கின்றன, அங்கே விசாரியுங்கள். கொஞ்சம் வளர்த்து, கொஞ்சம் சாகக் கொடுத்து, ஏன் என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்த பாட்டிலை எல்லாம் அடித்துப் பார்த்தவர்களுக்கு, கொடுக்கிற பணத்துக்கு இரண்டு மடங்கு கிடைக்கும்.

ஆடியிலும் தையிலும் புதுக் குழு தொடங்குகிறார். ஆடிக் குழுவுக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மருதமலை ரோட்டு நர்சரிகளில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். போகும்போது தொப்பி, நோட்டு, தண்ணீர் பாட்டில் வேண்டும். உங்கள் செடியில் பூச்சி இருந்தால், இலையோடு கிள்ளி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். சார் முதலில் கேட்பது அதைத்தான்.