வான் டைக்கின் கோடு, ரெம்பிராண்டின் இருள்

ஃபிளெமிஷ் ஓவியர் வான் டைக் 1630 வாக்கில் செப்புத் தகட்டில் கோடுகளைப் பதித்து, மையிட்டுத் தாளில் அச்செடுப்பதற்காகச் செய்த தன்னுருவப்படத்தில் தலை மட்டுமே முழுமையாக இருக்கிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் வெற்றிடம். அங்கே வெளிச்சம் என்பது கோடு தொடாத தாள்தான். முடியின் ஒவ்வொரு சுழிப்பையும் விரலால் தொடரலாம். கோட்டைப் படிக்கப் பழக இதைவிட நல்ல படம் கிடையாது.

என் மனம் நிற்பதென்னவோ டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் நண்பர் யான் சிக்ஸை வரைந்த அச்சுப் படத்திடம் (1647). ஜன்னலில் சாய்ந்து படிக்கிறார் சிக்ஸ். ஒளி முதுகுப்புறமிருந்து வருகிறது. பிறகு முகம் எப்படித் தெரிகிறது? உற்றுப் பாருங்கள்: கையிலுள்ள தாளில் பட்டுத் திரும்பிய மென்னொளி! அறையின் மூலையிலோ கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கி இருளாகவே மாறிவிடுகின்றன. உலர் ஊசி (அமிலமின்றித் தகட்டை நேராகக் கீறும் கூர்முனை) கீறியபோது எழுந்த செப்புப் பிசிறு மையைப் பிடித்து வெல்வெட்டுபோலக் கறுக்கிறது. அச்சிட அச்சிட அது தேய்ந்துவிடும். ஆகவே முதலில் எடுத்த பிரதிகளைத் தேடிப் பாருங்கள்.