பாத்டப்புக்கு அடியில் நாலு செங்கல்: டைல்ஸ் ஒட்டும் முன் குனிந்து பாருங்கள்

பில்லில் "சிமென்ட் பெட் போட்டு பாத்டப் பொருத்துதல்" என்று தனி வரி, அதற்குத் தனித் தொகை. வருஷம் திரும்புவதற்குள் தண்ணீர் வெளியேறும் வேஸ்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல், கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம். டப்பின் முன்சுவரை உடைத்தால், அடியில் மெத்தைபோல் பரப்ப வேண்டிய சிமென்ட் பெட்டையும் காணோம், கம்பெனி கொடுத்த கால்களையும் காணோம். மூலைக்கொன்றாக நாலு செங்கல், நடுவில் தெர்மோகோல், மிச்சத்துக்கு மணல். டைல்ஸ் மூடிவிடும் என்ற தைரியத்தில் நடக்கும் ஏமாற்று இது.

அக்ரிலிக் டப்பின் தகடு சில மில்லிமீட்டர்தான். 150 லிட்டர் தண்ணீர், 70 கிலோ ஆள், டப்பின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் 240 கிலோ வரும். அடியில் தாங்கல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் தகடு அமுங்கி எழும். அந்த அசைவு முழுக்க, ஓட்டையையும் குழாயையும் இணைக்கும் வேஸ்ட் கப்ளிங்கில்தான் போய் விழும். வாஷர் தளர்ந்து கசியும். விளிம்பும் கீழிறங்குவதால் சுவரோர இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பிய்யும். அதன்மேல் மறுபடி சிலிக்கான் பூசுவது வீண்.

வாட்டர் ப்ரூஃபிங் செய்த தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டப் உள்ளே வர வேண்டும். ரசமட்டத்தை விளிம்பில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வையுங்கள். தண்ணீர் ஓடுவதற்கென்று டப்பைச் சாய்க்க விடாதீர்கள், வாட்டம் டப்பை வார்த்த அச்சிலேயே இருக்கிறது. கம்பெனிக் குறிப்பேடு கால் போடச் சொன்னால் காலை மட்டம் பார்த்து லாக் நட்டை முறுக்க வேண்டும். பெட் கேட்டிருந்தால் 1:5 சிமென்ட், மணல். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம். வேஸ்டுக்குக் கீழே வளைந்த குழாயான ட்ராப் வரும் இடத்தை மட்டும் விட்டு, அடிப்பாகம் முழுக்கப் படும்படி சற்று மேடாகப் பரப்பி, பாலிதீன் ஷீட் விரித்து, மட்டம் வரும்வரை டப்பை அழுத்த வேண்டும். 24 மணி நேரம் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

ஷவருக்குக் கீழே தரையில் பொருத்தும் ஷவர் ட்ரேயிலும் இதே கதைதான். அங்கே ஐந்தாறு இடத்தில் கலவைக் கட்டி வைத்து ஒப்பேற்றுவார்கள். பெட் போட்ட ட்ரேயைத் தட்டினால் எங்கும் 'டொக்' என்று வெற்றொலி வரக் கூடாது. "ஃபோம் அடிச்சா போதும் சார்" என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டப்பாவிலிருந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் உப்பும்போது எடை குறைந்த ட்ரேயைத் தூக்கி மட்டத்தைக் கெடுத்துவிடும்.

சிலிக்கான் அடிக்கும் முன் டப்பை நிரப்பச் சொல்லுங்கள், சிலிக்கான் காய்ந்த பிறகே தண்ணீரை வெளியேற்றட்டும். காலி டப்பில் அடித்த சிலிக்கான் முதல் குளியலிலேயே இழுபடும். வேஸ்ட் பக்கம் ஓரடிக்கு ஓரடி திறப்புக் கதவு கட்டாயம் வேண்டும். அழகு கெடும் என்பார்கள். கதவு இருந்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடுமே!

டப்புக்கு அடியில் எடுத்த போட்டோவும், நிரப்பிவிட்டுக் காட்டிய கசிவுச் சோதனையும் கைக்கு வரும்வரை அந்த வரிக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மூடியாகிவிட்டதென்றால், ஒருவர் உள்ளே நின்று எடையை மாற்றி மாற்றி வைக்கட்டும், நீங்கள் சுவரோர சிலிக்கானைக் கவனியுங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் முன்சுவரைத் திறந்து தாங்கல் கொடுப்பது தவிர வேறு வழியில்லை.